கதவடிக் கதிரை

ஒக்டோபர் 5, திங்கள்

காலையில் நல்ல வெயில். இரண்டு மணிக்குப் பிறகு இடி, மழை. சப்பாத்துக்குள் பேப்பர் அடைத்துக் காய வைத்திருக்கிறேன். விஞ்ஞானப் பாடத்தில் ஒளி இன்னும் முடியவில்லை. டிசம்பரில் ஓ/எல் சோதனை.

இன்று ஒருமாதிரி அம்மாவை யோகா வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். டொக்டர் சொல்லி ஒரு மாதம். "குளிசையைக் கூட்டிக்கொண்டே போகேலாது அம்மா, யோகா மாதிரி ஏதாவது பழகிப் பாருங்கோ" என்றார். அம்மா சாட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தா. முதலில் கால் நோகிறது என்றா. பிறகு, "நாங்கள் வேதக்காரர், அது சைவக்காரரின்ரை விசயம்." நேற்றுப் பூசை முடிய கோவில் வாசலில் வைத்து நானே ஃபாதரிடம் கேட்டேன். "முதுகை நிமிர்த்தினதுக்கு ஒருத்தரும் பாவசங்கீர்த்தனம் செய்யத் தேவையில்லை" என்று சிரித்தார். அதற்குமேல் அம்மாவிடம் சாட்டு இல்லை.

வகுப்பு எங்கள் ஒழுங்கையிலேயே, கடற்கரைப் பக்கமாக. மூன்றாம் மாடி ஹோல். சனி ஞாயிறில் பரதநாட்டியம், திங்கள் புதன் வெள்ளி பின்னேரம் பெண்களுக்கு யோகா. சுவர் முழுக்கக் கண்ணாடி. அம்மா கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா.

படிப்பிப்பவர் கோமதி மிஸ். இந்தியாக்காரர். கணவருக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. "மெதுவா, மெதுவா. யாரோடயும் போட்டி இல்ல" என்று அடிக்கடி சொல்கிறா. குரல் நல்ல குளிர்ச்சி.

கடைசியில் எல்லோரையும் மல்லாந்து படுக்கச் சொன்னா. "கண்ணை மூடிக்கோங்க. ரொம்பத் தூரத்துல என்ன சத்தம் கேக்குதுன்னு கவனிங்க."

நான் ஒரு கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தேன். ஒருவரும் கண்ணை மூடவில்லை. எல்லோரும் ஹான்ட்பாக்கை வயிற்றில் வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தபடி. ஐ.சி, அடையாள அட்டை, அதற்குள்தானே.

எங்கள் கீழ் வீட்டு ராணி அன்ரி படுத்தபடியே சொன்னா: "மிஸ், தூரத்துச் சத்தம் கேக்க எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. தெஹிவளையிலை பொலிஸ் ஜீப் திரும்பினா எனக்கு இஞ்சை காது குத்தும்."

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

ஒக்டோபர் 6, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். காலையில் சாப்பிட்ட பாண் பழசு.

எழுதி வைக்கவேண்டும் என்று கனநாளாக நினைத்தது. எழுதினால் குறையுமோ தெரியாது.

மே மாதம் விடியப்புறம், வீடு வீடாகத் தமிழ்ப் பெடியன்களைத் தேடிய பொலிஸ் ரவுண்டப்பில் அண்ணாவைக் கொண்டுபோனார்கள். அம்மாவுக்கு அன்று பல்வலி. குளிசை போட்டு நல்ல நித்திரை. கதவைத் திறந்தது அப்பா. "சும்மா ஒரு விசாரணை, இப்ப வந்திடுவார்" என்றார்களாம். அப்பா அம்மாவை எழுப்பவில்லை. "பாவம், மூண்டு நாளா நித்திரையில்லை. எழுப்ப மனம் வரேல்லை" என்று பிறகு சொன்னார். அம்மா எழும்பி வரும்போது ஜீப் ஒழுங்கை முடிவில் திரும்பியாகிவிட்டது. அண்ணா செருப்பும் போடவில்லை.

இரண்டு கிழமையால் விட்டார்கள். இப்போது சென்னையில் சித்தி வீட்டில். நல்லாகத்தான் இருக்கிறான். போனில் கிரிக்கெட் கதைக்கிறான். ஆனால் அம்மா அதற்குப் பிறகு படுப்பதில்லை. முன்னறைக் கதிரையில் இருப்பா. பகலில் சோறு பிசையும்போது கண் சொருகும், உடனே முழிப்பா. உப்புப் போட்டதை மறந்து திருப்பிப் போடுவா. அப்பாவோடு தேவையான அளவுக்கு மட்டும் பேச்சு.

அப்பா இன்றும் ஒரு கதையும் இல்லாமல் சாப்பிட்டார். கறியில் உப்புக் கூடிவிட்டது. நான் இரண்டு தரம் தண்ணீர் குடித்தேன்.

ஒக்டோபர் 7, புதன்

லைப்ரரியில் யோகா புத்தகம் எடுத்தேன். அட்டை கிழிந்தது. ஆசிரியர் எல்லாம் மிக நம்பிக்கையாக எழுதுகிறார். அவர் சொல்லும் பலன்கள்:

ஆழ்ந்த நித்திரை
கோபம் குறைதல்
ஞாபகசக்தி (எனக்கு உடனே வேண்டும்)
மலச்சிக்கல் நீங்குதல் (ரா. அன்ரிக்குச் சொல்ல வேண்டும்)
ஒரே நேரத்தில் எழும்பி, ஒரே நேரத்தில் உண்டு, ஒழுங்கான வாழ்வு

என் ஆராய்ச்சிக்கு அம்மாவை எடுத்துக்கொண்டேன். கிழமைக்கு ஒருமுறை அவதானிப்பு. விஞ்ஞான ரீச்சர் சொல்வதுபோல், விரும்புவதை எழுதக்கூடாது, கண்டதை எழுத வேண்டும்.

புத்தகத்தில் இன்னொன்று: பயிற்சி முடிவில் படுத்து ஓய்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதை விட்டால் மற்றவை பாதிப் பலன்.

இன்று வகுப்பில் மிஸ் அதைப் பற்றித்தான் கதைத்தா. "போன தடவை நீங்க சொன்னதை வீட்ல போய் யோசிச்சேன். நான் தப்பா சொல்லிட்டேன். உங்களுக்குக் கண்ணை மூடணும்னா யாராவது முழிச்சிருக்கணும். இல்லையா?"

ஹோலில் இருந்த ஒற்றைப் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக் கதவடியில் வைத்தா. இனி ஒவ்வொரு நாளும் ஒருவர் அதில் இருந்து படிக்கட்டைப் பார்ப்பது. மற்றவர்கள் படுப்பது. முறை வைத்துக்கொள்ளலாம்.

ரா. அன்ரி: "அப்ப இண்டைக்கு ஆர் காவல்?"

அம்மா அதற்குள் போய்க் கதிரையில் இருந்துவிட்டா. "நீங்கள் படுங்கோ. நான் பார்க்கிறன்."

படுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே கண்கள் மூடின. ஒருவர் பெருமூச்சு விட்டது ஹோல் முழுக்கக் கேட்டது.

ஒக்டோபர் 12, திங்கள்

இடி. கரண்ட் போய் வந்தது. கணக்கு ரியூசன் ரத்து, நன்றி.

அவதானிப்பு, ஒரு கிழமை.

நான்: கழுத்து நோ இல்லை. காலையில் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டும்போது மூச்சை ஆறுதலாக இழுத்து ஆறுதலாக விட்டேன்.  என்னோடு வந்த சிநேகிதி ஜோசப்பின் கேட்டாள், "என்னடி, சாமியாரிணி ஆகிட்டியோ?" கடையில் சில்லறைக்குச் சண்டை பிடிக்கவில்லை. இரவுப் படிப்பை விட்டு விடியப் படிக்கிறேன். அது நிற்கிறது தலையில்.

ரா. அன்ரி: இரத்தத்தில் சீனி கொஞ்சம் இறங்கியதாம். மலச்சிக்கல் பற்றி எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தா. நான் எழுத மாட்டேன்.

அப்பா: கொட்டாஞ்சேனையில் கப்பல் கம்பனியில் கிளார்க். பஸ்ஸில் வருவதற்குள் இரண்டு மூன்று தரம் சோதனைக்கு இறக்கி ஏற்றுவார்கள். நான் காட்டித்தந்தபடி சுவரில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தரையில் படுத்தார். "இது நல்ல ஆசனம். பேர் என்ன, சம்பளநாள் ஆசனமோ?" சமையலறையிலிருந்து அம்மா சிரித்த மாதிரி இருந்தது. அது சட்டி மூடியாகவும் இருக்கலாம்.

அம்மா: மூட்டு இளகியிருக்கிறது. குனிந்து காலைத் தொடுகிறா. நித்திரை: இல்லை.

ஏனென்றால் ஒவ்வொரு வகுப்பிலும் அந்தக் கதிரையில் அம்மாதான். யாருடைய முறை என்றாலும், "பரவாயில்லை, நான் இருக்கிறன்." மற்றவர்களுக்கும் சுகம். "உங்கடை அம்மா இருந்தா எனக்கு நிம்மதியடி ஸ்டெல்லா, நாய் வளர்த்த மாதிரி" என்று ரா. அன்ரி சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தா.

பாதிப் பலன்.

ஒக்டோபர் 14, புதன்

வகுப்புக்குப் போகும்போது கேட்டேன்.

"இண்டைக்கு நான் கதிரையிலை இருக்கவா? நீங்கள் படுங்கோ."

"நீ சின்னப்பிள்ளை. புத்தகத்தைக் கண்டா உலகம் தெரியாது உனக்கு."

"புத்தகம் கொண்டுபோக மாட்டன்."

"பகல்கனவு காணுவாய்."

"காண மாட்டன்."

ஒழுங்கையில் நின்று என்னைப் பார்த்தா. "என்ன சத்தம் எண்டாலும் என்னை எழுப்ப வேணும். நீயே யோசிச்சு, இது ஒண்டுமில்லை எண்டு முடிவெடுக்கக் கூடாது. பூனை எண்டாலும் எழுப்பு. விளங்குதோ?"

"ஓம்."

"அப்பா மாதிரிப் பாவம் பார்க்கக் கூடாது."

மே மாதத்துக்குப் பிறகு அதைப் பற்றி அம்மா வாய்திறந்து சொன்னது இது ஒன்றுதான்.

படுத்தா. கண் திறந்தபடி, என்னையே பார்த்துக்கொண்டு. நான் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு. காஸ் லொறி வந்தது. எழுப்பினேன், அதாவது காலைத் தொட்டேன். "காஸ் லொறி." "ம்." லொத்தர்ச் சீட்டு விற்கும் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. "லொத்தர்." "ம்." மேல்மாடிப் பெடியன் படிக்கட்டில் பந்து போட்டான். "பந்து."

ரா. அன்ரி எழும்பி இருந்துவிட்டா. "இது என்ன யோகாவோ, ரேடியோச் செய்தியோ? எனக்கு இப்பதான் கண் அயர்ந்தது!"

அம்மா: "அவள் சரியாத்தான் செய்யிறாள். நீங்கள் படுங்கோ."

மிஸ் அன்ரியின் காலில் ஒரு துவாயைப் போர்த்திவிட்டுப் போனா.

ஒக்டோபர் 19, திங்கள்

மழை விடவில்லை. உடுப்புக் காயாமல் வீடெல்லாம் கயிறு.

வெள்ளியும் இன்றும் நான்தான் கதிரையில். இன்று அம்மா கண்ணை மூடினா. நாலைந்து மூச்சு. பிறகு திறந்து என்னைப் பார்த்தா. நான் அங்கேயே இருந்தேன். திரும்ப மூடினா.

மழைச் சத்தத்தில் மற்றச் சத்தம் பிரிப்பது கஷ்டம். காது முழுக்க வேலை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்ததும் சரிந்துவிட்டேன். வரலாறு ஒரு பக்கமும் இல்லை.

ஒக்டோபர் 20, செவ்வாய்

இங்கிலிஷ் ரீச்சர்: "கதவுக்கு வெளியிலை என்ன இருக்கு ஸ்டெல்லா? எங்களுக்கும் சொல்லுமன், நாங்களும் பார்ப்பம்."

வகுப்பு சிரித்தது. ஒன்றுமில்லை என்றேன். ஒரு தரம் இல்லை, நாலு தரம் திரும்பினேனாம். இடம் மாற்றி ஜன்னல் பக்கம் விட்டிருக்கிறா. அங்கிருந்து கேற் தெரிகிறது.

ஒப்படையை எழுதி நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

ஒக்டோபர் 23, வெள்ளி

 ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மழை நின்று வெயில் மஞ்சளாக அடித்தது. பயிற்சி முடிந்து எல்லோரும் படுத்தாயிற்று. நான் கதிரையில். அம்மா படுத்ததும் கண் மூடினா, பிறகு திறக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை. மெல்லிய குறட்டை, பூனைக்குட்டி மாதிரி. வாய் கொஞ்சம் திறந்து. நெற்றியில் எப்போதும் இருக்கும் இரண்டு கோடும் இல்லை. மிஸ் என்னைப் பார்த்து விரலை வாயில் வைத்துச் சிரித்தா.

கீழே வண்டி வந்து நின்றது. எஞ்சின் நிற்கிற சத்தம். பிறகு கேற். பிறகு சப்பாத்துகள். கீழே வாச்சர் சிங்களத்தில் ஏதோ சொன்னான், பெண் குரல் ஒன்று பதில் சொன்னது.

இரண்டாம் மாடியில் லொட்ஜ் இருக்கிறது. அதற்காக இருக்கலாம். எங்கள் மாடிக்கு வராமலும் போகலாம். வந்தாலும் எனக்குச் சிங்களம் தெரியும், கதவடியிலேயே பதில் சொல்லி அனுப்பலாம். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் நித்திரை. இப்ப போய்விடுவார்கள்.

இப்ப. அப்பாவும் இதைத்தான் நினைத்திருப்பார். இதே மாதிரி கதவடியில், இதே மாதிரி அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு. அவரோடு எனக்கிருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. ஆனால் நான் அப்படிச் செய்யவில்லை. போய் அம்மாவின் காலைத் தொட்டேன்.

"அம்மா. பொலிஸ். இரண்டாம் மாடிக்கு வந்திட்டினம்."

உடனே எழும்பி இருந்தா. கதவைப் பார்க்கவில்லை, முதலில் என்னைப் பார்த்தா. "ம்" என்றா. கொண்டையை முடிந்தா. ஹான்ட்பாக்கை எடுத்தா. "ராணி, எழும்புங்கோ. எல்லாரும் ஐ.சியைக் கையிலை எடுங்கோ. அவசரப்படாதேங்கோ." அவர்கள் வாசலுக்கு வரும்போது எல்லோரும் பாயில் சம்மணம் கட்டி வரிசையாக.

இரண்டு பொலிஸ், ஒரு பொம்பிளைப் பொலிஸ். "மேக்க மொகத?" இது என்ன கூட்டம் என்று கேட்டார்கள்.

அம்மா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவ. சிங்களம் தண்ணீர் மாதிரி. "யோகா பந்தியக் மாத்தயா", யோகா வகுப்பு ஐயா, என்று தொடங்கி, நித்திரை வராதவர்கள், இடுப்பு நாரி நோக்காரர், சீனி வருத்தக்காரர் என்று ஒவ்வொருவராகக் காட்டினா. ரா. அன்ரி தன்னைக் காட்டும்போது தலையாட்டினா. எனக்கு ஐ.சி இன்னும் வரவில்லை, பள்ளிக்கூடக் கடிதத்தைக் காட்டினேன். சரி.

கோமதி மிஸ்ஸிடம் போட்டோக் கொப்பிதான் இருந்தது. பாஸ்போர்ட் வீட்டில். "அப்ப ஸ்டேஷனுக்கு வாங்கோ, அங்கே பார்க்கலாம்." மிஸ் எழும்பிவிட்டா, முகம் வெள்ளை. செருப்பைத் தேடினா.

அம்மா முன்னால் போய் நின்றா. குரலை உயர்த்தவில்லை. மிஸ்ஸின் வீடு மூன்றாவது கேற், ஸ்டேஷனுக்குப் போவதைவிட வீட்டுக்குப் போவது கிட்ட, நானும் வருகிறேன், இந்தப் பொம்பிளைப் பொலிஸ் நோனாவும் எங்களோடு வரட்டும், பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பொலிஸில் பெரியவர் கையால் போகச் சொன்னார்.

அம்மா போகும்போது குனிந்து மிஸ்ஸின் செருப்பை எடுத்து முன்னால் போட்டா. "போட்டுக்கொண்டு வாங்கோ. அவசரமில்லை."

அரை மணித்தியாலத்தில் இருவரும் திரும்பினார்கள். மிஸ் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்து அழுதா. அம்மா முதுகைத் தடவினா. "எல்லாம் சரி. அந்தப் பொம்பிளைப் பிள்ளைக்கும் நாரி நோவாம், நாள் முழுக்க நிண்டு நிண்டு. என்ன செய்யலாம் எண்டு படியிலை வைச்சுக் கேட்டது."

ரா. அன்ரி: "திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கலாமே, எங்களுக்கு ஒரு பலமான காவல் கிடைச்சிருக்கும்."

வீட்டுக்கு வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தா.  ஒழுங்கை முடிவில், "எழுப்பினாய்" என்றா. அவ்வளவுதான்.

ஒக்டோபர் 24, சனி

மந்தாரம். காற்று.

மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு, அம்மா பெற்சீற்றை உதறிப் போட்டு, முன்னறைக் கதிரையை வாசலுக்கு இழுத்து விட்டா. "கொஞ்சம் படுக்கப் போறன். நீ இருக்கிறாய்தானே?"

"ஓம்."

படுத்தா. வலது பக்கம் திரும்பி, மிஸ் சொல்லித்தந்த மாதிரி. நித்திரை.

நான் இரசாயனத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு சமன்பாடும் சமன்படவில்லை. பாத்ரூம் போக வேண்டும், போகவில்லை. பக்கத்து வீட்டில் இறைச்சி பொரிக்கும் மணம்.

அப்பா அரைநாள் வேலை முடிந்து வந்தார். படியில் அவர் காலடி எனக்குத் தெரியும். எழும்பிப் போய், அறையைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நிலத்தில் இருந்தார், சுவரோடு. நேற்று நடந்ததைக் காதுக்குள் சொன்னேன். எழுப்பியதையும் சொன்னேன்.

"நல்லது" என்றார். பிறகு, "நல்லது பிள்ளை" என்று திரும்பவும். சப்பாத்து இன்னும் கையில்.

அப்பாவும் வந்தபடியால் சத்தமெல்லாம் இருவரும் பாதிப் பாதியாகக் கேட்டோம். நாலு மணிக்குப் பிறகுதான் அம்மா எழும்பினா. கன்னத்தில் தலையணை மடிப்பு. அப்பாவைப் பார்த்தா. "எப்ப வந்தனீங்கள்? சாப்பிட்டீங்களோ?"

சாதாரணக் குரல். மே மாதத்துக்கு முன்னால் இருந்த குரல்.

"இல்லை" என்றார் அப்பா. போய்ச் சோறு போட்டா. உப்புச் சரியாக இருந்தது, நானும் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்த்தேன்.

ஒக்டோபர் 25, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். வெயில். மூன்று பேரும் நடந்து.

அவதானிப்பு, மூன்று கிழமை. அம்மா: நித்திரை உண்டு. கோபம் குறைவு. சாப்பாடு நேரத்துக்கு. லைப்ரரிப் புத்தகத்துக்காரர் சொன்னது எல்லாம் சரி, கதிரையைப் பற்றித்தான் அவர் ஒன்றும் எழுதவில்லை. புத்தகம் நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரசாயனம், வரலாறு, ஒளி, எல்லாம் கிடக்கிறது.

மத்தியானம் அம்மா என் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினா. "கண்ணுக்குக் கீழை கறுப்பு. போய்ப் படு. புத்தகத்தைத் தொடாதை. நான் இருக்கிறன்."

படுத்தேன். மல்லாந்து, கை இரண்டும் விரித்து, உள்ளங்கை மேலே. கால் விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தளர விட்டேன். முழங்கால். வயிறு. தோள். நாடி. எல்லாம் தளர்ந்தது.

சமையலறை ஃபிரிஜ் நின்று திரும்பத் தொடங்குகிறது. ரெயில், தெஹிவளைப் பக்கம் போவது. ரா. அன்ரியின் செருப்பு, அவ மேலே வரவில்லை, கீழே இறங்குகிறா. முன் வீட்டுக் கேற், காற்றுக்கு. காலிக்குப் போகும் பெரிய வீதியில் பஸ். பஸ். வான். பெரிய வண்டி ஒன்று, நிற்கவில்லை, போகிறது. ஒழுங்கையில் யாரோ இருவர், தமிழ். அம்மா கதிரையில் அசைகிறா.

"நித்திரையோ பிள்ளை?"

"ஓம்" என்றேன்.